கேரியர் இல்லாத சைக்கிளில் கல்யாணத்துக்குப் போகிறவனுக்கு

கண்ணு,

மூன்றாம் கல்யாண ஓலையும் வாசித்தாயிற்று. மூன்று ஞாயிறாகப் பூசை முடிகிற நேரத்தில் ஃபாதர் உன் பெயரையும் ஸ்டெல்லா பெயரையும் சேர்த்து வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று கேட்டபோதெல்லாம் கோயிலில் ஒரு சத்தமும் இல்லை. எனக்குத்தான் எழுந்து நின்று, "கல்யாணத்துக்குத் தடை இல்லீங்க ஃபாதர், இவன் கல்யாணத்துக்குப் போற வழிக்குத்தான் தடை" என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. உன் அப்பா என் முழங்கையைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தார். அவருக்கு என்னைத் தெரியும். அதனால் நல்ல அம்மாவாக உட்கார்ந்திருந்தேன்.

ஊரில் எல்லாருடைய பிள்ளைகளும் கல்யாணத்துக்கு வேனில் போகிறார்கள், காரில் போகிறார்கள். நீ மட்டும் ஏற்காட்டிலிருந்து தரங்கம்பாடி பக்கத்துக் கடற்கரை வரைக்கும் சைக்கிளில் போகிறாய். அதுவும் பெரிய ரோட்டில் இல்லை. வண்டி நடமாட்டம் இல்லாத சின்னச் சின்ன ரோடுகளாகப் பார்த்துப் பொறுக்கி, வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பி, நடுவில் இரண்டு ராத்திரி எங்கெங்கோ தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் பெண் வீட்டு ஊருக்கு வந்து சேர்வாயாம். நாங்கள் உன் கோட்டையும் ஷூவையும் எடுத்துக்கொண்டு வேனில் வர வேண்டுமாம். திங்கட்கிழமை தாலி கட்டுகிறவன் அதற்கு முன் மூன்று நாள் எந்த வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறான் என்று தெரியாமல் நான் எப்படிச் சாப்பிடுவது, எப்படித் தூங்குவது, வருகிறவர்களுக்கு எப்படிப் பலகாரம் எடுத்து வைப்பது, நீயே சொல்.

வாயால் சொன்னால் நீ சிரிக்கிறாய். நீ சிரித்தால் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் வந்தால் சொல்ல வந்தது மறந்து வேறு எதையோ திட்டிவிடுகிறேன். நேற்றுகூட சைக்கிளைப் பற்றிப் பேச ஆரம்பித்து உன் தாடியில் வந்து முடித்தேன். அதனால்தான் எழுதுகிறேன். நீ முடிவெட்ட ஒண்டிக்கடை பஜாருக்குப் போயிருக்கிறாய். அப்பா வாசலில் காயப்போட்ட காப்பிக்கொட்டையைக் காலால் கிளறிக்கொண்டிருக்கிறார். உன் சைக்கிள் எனக்கு எதிரே ஹால் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதற்கு ஸ்டேண்டு இல்லை, எங்கே போனாலும் சாயத்தான் வேண்டும். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை. பெல் ஒன்று, பட்டாணி அளவில், நான் சண்டை போட்டதற்காக மாட்டினாய். இத்தனை சாமான் குறைவாக இருக்கிற சைக்கிளுக்கு எப்படி அவ்வளவு விலை என்று கேட்டால், "எடை கொறையத்தாம்மா காசு" என்கிறாய். இந்த நியாயம் எனக்கு இன்னும் புரியவில்லை.

நம் மலையில் சைக்கிள் ஏது கண்ணு? நான் கிளியூரில் பிறந்து வளர்ந்து, டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவள். என் வயதில் இங்கே சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஒரு பெண்ணையும் நான் பார்த்ததில்லை. ஆண்களிலும் கொஞ்சம் பேர்தான். ஒரு பக்கம் போனால் இறக்கம், மறுபக்கம் போனால் ஏற்றம். உருட்டிக்கொண்டு போவதற்கு எதற்கு ஒரு வண்டி? பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் உனக்கு இலவச சைக்கிள் கொடுத்தபோது, மற்ற வீடுகளில் செய்கிற மாதிரிதான் நானும் செய்தேன். கீழே இருக்கிற சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவது. அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கிற உன் மாமாவுக்குப் பிரயோசனப்படும் என்று சொல்லி, பஸ்ஸில் போட்டு எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வா என்று உன்னை அனுப்பினேன். நீ பஸ்ஸில் போடவில்லை. சைக்கிளில் ஏறி உட்கார்ந்து குப்பனூர் ரோட்டு வழியாக மலை இறங்கியே போய்விட்டாய். சாயங்காலம் பஸ் டாப்பில் அதே சைக்கிளைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தாய். பஸ்ஸை விட்டு இறங்கும்போது உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"மாமாவுக்குக் குடுக்கலையா சாமி?" என்றேன்.

"குடுக்கத்தாம்மா போனேன். போற வழியில மனசு மாறிருச்சு."

அன்றைக்கு அடிக்காமல் விட்டேன். அடித்திருந்தாலும் நின்றிருக்காது என்று அப்பா சொல்கிறார். அந்த சைக்கிள் இன்னும் வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்து நிற்கிறது. நீ அதை விட்டுவிட்டு வேறு வேறு சைக்கிளாக மாற்றி, சேலத்தில் பார்த்த வேலையையும் விட்டு, வண்டி வராத ரோடுகளைத் தேடிக் கண்டுபிடித்து வெளியூர்க்காரர்களைச் சைக்கிளில் கூட்டிப்போவதையே பிழைப்பாக்கிக்கொண்டாய். உங்கள் பையன் என்ன செய்கிறான் என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். கடைசியில் "டூரிஸ்ட் லைன்ல இருக்கானுங்க" என்று முடித்துவிடுவேன்.

உன் பிழைப்பின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பயம்தான். அதற்குக் காரணமும் உனக்குத் தெரியும். நீ அதைப் பேச விடமாட்டாய். இன்றைக்குக் காகிதம்தானே, பேசுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், நான் ரிட்டையர் ஆவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, மழை விட்ட ஒரு மத்தியானம் டிஸ்பென்சரி வாசலில் பால் வண்டி ஒன்று வந்து நின்றது. மண்ணில் புரண்ட ஒரு ஆளைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். வலது கையை இடது கையால் ஏந்திப் பிடித்திருந்தான். அந்தப் பிடியைப் பார்த்ததுமே காறை எலும்பு முறிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டியிலிருந்து விழுந்து வருகிற டூரிஸ்ட் பையன்கள் எத்தனை பேருக்குக் கட்டுப் போட்டிருப்பேன். "இப்படி உக்காருங்க தம்பி, எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க உன் முகம் வந்தது. பெற்ற பிள்ளையிடம் எந்த ஊர் என்று கேட்டவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

குப்பனூர் ரோட்டு வளைவில் மழை அடித்துக்கொண்டு வந்த மண்ணில் சக்கரம் வழுக்கிவிட்டது என்றாய். எவ்வளவு நேரம் கிடந்தாய் என்று கேட்டேன். சொல்லவில்லை. பால் வண்டிக்காரர்தான் சொன்னார், தான் வரும்போது உன் சட்டை மேல் மழை பெய்து காய்ந்திருந்தது என்று. அவ்வளவு நேரமும் அந்த ரோட்டில் ஒரு பஸ் இல்லை, ஒரு ஜீப் இல்லை, ஒரு ஆள் இல்லை. நீ ஆசை ஆசையாகத் தேடுகிற ரோடு அதுதானே. நான் அதைச் சொல்லி அழுதபோது நீ கட்டுப் போட்ட கையோடு என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா?

"பின்னாடி ஒரு வண்டி வந்திருந்தா மேல ஏறியிருக்கும்மா. வண்டி இல்லாததாலதான் உசுரோட இருக்கேன்."

நடந்தது ஒன்றுதான். நீ அதை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாய், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். இரண்டு வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கிறோம். வண்டி ஓடுகிற ரோட்டில் விழுந்தால் அடி அதிகம், வண்டி ஓடாத ரோட்டில் விழுந்தால் தூக்க ஆள் இல்லை. எனக்குத் தூக்க ஆள் வேண்டும். அது என் தொழில் புத்தி.

அதனால் நீ கல்யாணத்துக்கும் அந்த மாதிரி ரோட்டில்தான் போவேன் என்று சொல்லி, போகும் வழியை மேப்பாக வரைந்து கதவுக்குப் பின்னால் ஒட்டியபோது, நான் ஒன்று செய்தேன். போன மாதம் நானும் அப்பாவும் மாமா வீட்டுக்கு இரண்டு நாள் போய்வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோமே, நாங்கள் மாமா வீட்டுக்குப் போகவில்லை. உன் மேப்பை அப்பாவின் போனில் படம் பிடித்துக்கொண்டு, நீ போகிற வழியை ஒரு தடவை என் கண்ணால் பார்த்துவிடலாம் என்று போனோம். பஸ்ஸில்.

நீ இப்போது சிரிப்பாய் என்று தெரியும். அப்பா கிளம்பும்போதே சிரித்தார். "அவன் வண்டி வராத ரோடா பாத்துப் போறான். அதை நீ பஸ்ல போய்ப் பாக்கப்போறயா?" என்றார். "பின்ன நடந்தா பாக்கறது? கெளம்புங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் சொன்னதன் அர்த்தம் பேளூர் தாண்டி ஒரு கிளை ரோட்டில் இறங்கி நின்ற பிறகுதான் எனக்கு ஏறியது. நின்றோம், நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். எதிரே ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாவிடம் அடுத்த பஸ் எப்போது என்று கேட்டேன்.

"பஸ்ஸுங்களா? அது காலைல பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள ஏத்திட்டுப் போயிருச்சுங்க. இனி சாயங்காலம் அதுங்கள எறக்கி உடத்தான் வரும்."

அப்பா மைல்கல் மேல் துண்டைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "வண்டி இல்லாத ரோட்டுல வண்டிக்கு நிக்கற ஆளுங்க ஒலகத்துலயே நாம ரெண்டு பேருதான்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தேன். புல்லுக்கட்டு ஏற்றிய ஒரு மொபெட் போனது. கொஞ்சம் ஆடுகள் போயின. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை. ரோடு மேடும் பள்ளமுமாக மரவள்ளிக் காட்டுக்குள்ளே ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. புளியமர நிழல் நன்றாகத்தான் இருந்தது, காற்றும் நன்றாகத்தான் இருந்தது. உனக்கு ஏன் பிடிக்கிறது என்று புரிந்தது. ஆனால் என் கண் போகிற இடம் வேறு. எந்தத் திருப்பத்தில் மணல் இருக்கிறது, எந்த வீட்டில் நாய் இருக்கிறது, நீ விழுந்தால் இந்தக் கடையிலிருந்து தெரியுமா தெரியாதா, இதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனது தாங்காமல் கடைக்கார அம்மாவிடமே சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, வர்ற மாசம் ஒரு வியாழக்கிழமை இந்தப் பக்கமா என் பையன் சைக்கிள்ல வருவானுங்க. தலையில தொப்பி மாதிரி ஒண்ணு போட்டிருப்பான். கொஞ்சம் பாத்துக்கங்க. திங்கக்கிழமை அவனுக்குக் கல்யாணம்."

அந்த அம்மா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கல்யாண மாப்பிள்ளைங்களா? சைக்கிள்லயா? ஊட்டுல ஏதாவது சண்டைங்களா?"

"சண்டையெல்லாம் இல்லீங்க. அவனுக்கு அதுதான் பொழப்பு."

மறுபடியும் டீயை ஆற்ற ஆரம்பித்தார். "சரி வரட்டும்ங்க, நான் பாத்துக்கறேன். அவருக்குச் சக்கரை தூக்கலா, கொறச்சலா?"

தூக்கல் என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கடையில் நிற்காமல் போனாயானால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அந்த அம்மா வியாழக்கிழமை முழுக்க ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்புறம் மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றிப் போன ஒரு டிராக்டர்காரர் எங்களைப் பார்த்துப் பாவப்பட்டு மேலே ஏற்றிக்கொண்டார். கிழங்குக் குவியல் மேல் உட்கார்ந்து ஆத்தூர் வரைக்கும் வந்தோம். முதுகு இன்னும் வலிக்கிறது. ஆத்தூரிலிருந்து விருத்தாசலம் வரை நீ போட்டிருக்கிற உள்ரோடுகளைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. மெயின் ரோட்டு பஸ் ஏறித் தூங்கிவிட்டோம். அந்த நடுத்துண்டை நான் பார்க்கவில்லை. அதனால் அந்த இடத்துக்கு மட்டும் என்னிடம் கொஞ்சம் கூடுதலாகப் பயம் மிச்சம் இருக்கிறது. அங்கே நீ போகும்போது ஒரு தடவை போன் செய். ஓட்டிக்கொண்டே இல்லை, நிறுத்திவிட்டு.

மறுநாள் சேத்தியாத்தோப்பில் ஒரு ஆட்டோ பிடித்து வீராணம் ஏரிக்கரை மேலே போனோம். எங்கே இறங்க வேண்டும் என்று ஆட்டோக்காரர் கேட்டார். எங்கேயும் இறங்க வேண்டாம், இந்தக் கரை முடிகிற வரை பார்த்தால் போதும் என்றேன். அவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் கடல் மாதிரித் தண்ணீர், இன்னொரு பக்கம் கீழே வயல். நான் வாழ்நாளில் அவ்வளவு தட்டையான இடத்தைப் பார்த்ததில்லை. ஒளிந்துகொள்ள ஒரு மேடு இல்லை. நம் மலையில் ஒரு வளைவு திரும்பினால் போனவனைக் காணோம். அங்கே ஒருவன் போனால் எறும்பாக ஆகிற வரைக்கும் தெரிந்துகொண்டே இருக்கிறான். அது மட்டும் எனக்கு ஆறுதலாக இருந்தது. கரையில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடமும் உன்னைப் பற்றிச் சொல்லி வைத்தேன். "மதியத்துக்கு மேல கடக்காத்து மூஞ்சில அடிக்கும்மா. காலையிலயே கரையத் தாண்டிடச் சொல்லுங்க" என்றார். உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தாலும் எழுதுகிறேன். இன்னொன்று, நீ போகிற சமயம் அறுப்பு. அந்த ஊர்களில் பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போடுவார்களாம், ஓரத்தில் கல் வைத்திருப்பார்களாம். வண்டி வராத ரோடு உனக்கு சைக்கிள் ஓட்ட என்றால் அவர்களுக்குக் களம். நெல் மேல் சக்கரத்தை விடாதே. வழுக்கும், பாவமும்கூட.

இனி எழுதப்போவது ஸ்டெல்லா உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிற விஷயம். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் கேட்டுக்கொண்டேன். அணைக்கரையில் ஆற்றைத் தாண்டி, மாயவரத்தில் பஸ் மாறி, கடைசியில் அவர்கள் ஊருக்குப் பிரிகிற ரோட்டு முனையில் இறங்கினோம். ஊருக்குள் போகிற எண்ணம் எனக்கு இல்லை. கல்யாணத்துக்கு முன் சம்பந்தி வீட்டில் போய் என்னவென்று சொல்லி நிற்பது? ரோட்டு முனையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று அங்கே இருந்த சின்னப் பாலத்தின் கட்டையில் உட்கார்ந்தோம். பார்த்தால் டீச்சர் வேலை முடிந்து பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்டெல்லாவே சைக்கிளில் வருகிறாள். பையைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, முதுகு நேராக. எங்களைத் தாண்டிப் போய், பிரேக் பிடித்து, திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை? மாமா? இங்க என்ன பண்றீங்க?"

அப்பா என்னைக் கை காட்டிவிட்டார். எனக்கு வேறு வழி இல்லை. "ரோட்டைப் பாக்க வந்தேன்மா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், டீக்கடையிலிருந்து வாத்து வரைக்கும். அவள் உன்னை மாதிரிச் சிரிக்கவில்லை. முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்ப கடைசி வரைக்கும் பாத்துட்டே போங்க அத்தை. இந்த ரோட்டுக்கு பஸ் கிடையாது. ஏறுங்க" என்று பின்னால் கேரியரைக் காட்டினாள்.

அறுபது வயதுக்கு மேல் நான் முதல் தடவையாக ஒரு சைக்கிளில் ஏறினேன். உன் அப்பாகூட என்னை ஏற்றியதில்லை. ஏற்றுவதற்கு மலையில் சமமான இடம் வேண்டுமே. அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். "நீ போய்ட்டு வா, நான் இங்க பஸ் வருதான்னு பாக்கறேன்" என்றார். ஒருபக்கமாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பெண்ணின் இடுப்பை நான் பிடித்த பிடியில் அவளுக்கு மூச்சு முட்டியிருக்கும். "அத்தை, நீங்களா ஒரு பக்கமும் சாயாதீங்க. நான் சாயற பக்கம் கூட வந்தா போதும்" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு கண்ணைத் திறந்தேன். இரண்டு பக்கமும் வயல். இன்ஜின் சத்தம் இல்லாததால் வயலில் பேசுகிறவர்களின் பேச்சு காதில் விழுந்தது. "யாரு டீச்சர் அது, பின்னாடி?" என்று வரப்பிலிருந்து ஒரு அம்மா கேட்டார். "எங்க அத்தை" என்று இவள் கத்தினாள். இன்னும் கொஞ்சம் தள்ளி வேறு ஒருவர் கேட்டார். மறுபடியும் கத்தினாள். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் என்னை ஊருக்கே அறிமுகப்படுத்திவிட்டாள். வண்டி இல்லாத ரோடு என்றால் ஆளே இல்லாத ரோடு என்று நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஆள் இருக்கிறார்கள் கண்ணு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிறார்கள்.

கடல் சத்தம் கேட்கிற இடத்தில் நிறுத்தினாள். அவளிடம் கேட்டேன், அவன் இப்படித் தனியாகப் போகிறானே, உனக்குப் பயமாக இல்லையா என்று.

"பயம் இல்லன்னு யாரு சொன்னா அத்தை? கிளம்பறதுக்கு முன்னாடி எந்த வழின்னு கேட்டுப்பேன். வழி தெரிஞ்சா, இப்ப இங்க போயிட்டு இருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டே வேலையப் பாப்பேன். சொல்லாம வழி மாத்திட்டாங்கன்னா அன்னைக்கு சண்டைதான்."

உனக்குச் சொல்ல நினைத்த புத்திமதியை எல்லாம் அவள் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். நான் ஒன்றே ஒன்றைச் சேர்க்கிறேன். எந்த ரோட்டில் போகிறாய் என்று சொல்லாமல் ஒரு நாளும் அவளை விட்டுக் கிளம்பாதே. சைக்கிளுக்கு மட்டும் சொல்லவில்லை. வேலையில் மனது வெறுத்தாலும், யார் மேலாவது கோபம் வந்தாலும், எங்கள் மேல் வந்தாலும், எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறாய் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் அப்பா பேசாத மனுஷன். ஆனால் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்த காலத்தில் எந்தக் காட்டுக்குப் போகிறேன், எந்தப் பக்கமாகத் திரும்புவேன் என்று சொல்லாமல் வாசல்படி இறங்கியதே இல்லை. எங்கள் கல்யாணம் இத்தனை வருஷம் நிலைத்து நின்றது அதில்தான் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் பார்த்த பிறகு பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். ராத்திரி இன்னும் விழிப்பு வருகிறது. காரணம் சைக்கிள் மட்டும் இல்லை என்று அந்தக் கடலோர மணலில் நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. கல்யாணம் முடிந்து நீ அங்கேயே இருக்கப்போகிறாய். இனி உன் சைக்கிள் பயணங்களெல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும். நீ கதவுக்குப் பின்னால் ஒட்டிய மேப்பில் மலையிலிருந்து இறங்குகிற வழி மட்டும்தான் இருக்கிறது. ஏறி வருகிற வழியைக் காணோமே என்று ஒரு நாள் அப்பாவிடம் கேட்டுவிட்டேன். "அதே வழிதான். கீழ இருந்து பாத்தா வர்ற வழி" என்றார். சொல்லிவிட்டு, அவரும் கொஞ்ச நேரம் அந்த மேப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். உன்னை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை சாமி. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு சைக்கிளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு ஸ்டேண்டு இல்லாதது ஒரு குற்றமா?

கடைசியாக ஒரு சங்கதி. உன் பெரியம்மா நேற்றும் வந்து கத்திவிட்டுப் போனாள். ஓலை வாசித்த பிறகு மாப்பிள்ளை தூரப் பயணம் போகலாமா என்கிறாள். ஃபாதரிடம் கேட்டேன், வேண்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள் என்றுவிட்டார். அதை விட்டுவிட்டாள். இப்போது வேறு ஒன்றைப் பிடித்திருக்கிறாள். "பெத்தவங்க கூட இல்லாம, மாப்பிள்ளை ஒத்தையா பொண்ணு ஊருக்குள்ள நொழைவானா? அவங்க ஊரு எல்லையில மேளத்தோட நிப்பாங்க, இவன் அனாதையாட்டம் சைக்கிள்ல போய் எறங்குவானா? நொம்ப நல்லா இருக்குது" என்கிறாள். இதில் எனக்கும் அவள் பக்கம்தான். நீ தனியாக அந்த ஊருக்குள் நுழையக் கூடாது.

அதனால் யோசித்து முடிவு பண்ணியிருக்கிறோம். சனிக்கிழமை வேன் அந்த ரோட்டு முனைக்கு வரும்போது நான் இறங்கிக்கொள்வேன். மற்றவர்கள் ஊருக்குள் போய் மேளத்தோடு நிற்கட்டும். நான் அந்தப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருப்பேன். நீ எப்போது வந்தாலும் சரி, கடல் காற்று எதிரே அடித்து இருட்டிப்போனாலும் சரி. நீ குளிக்கப் போயிருந்தபோது அப்பா உன் சைக்கிளை அளந்து பார்த்துவிட்டார். பின்சக்கரத்துக்கு மேலே மாட்டுவதற்குத் துளை இருக்கிறதாம். பின்னால் நிற்கிற உன் பள்ளிக்கூடத்து சைக்கிளிலிருந்து கேரியரைக் கழற்றி, மண்ணெண்ணெய் போட்டுத் துருவைத் துடைத்து, கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். எடை அதிகம் என்று சொல்லாதே. என் எடைக்கு முன்னால் அது ஒன்றும் இல்லை. பாலம் வரும் வரைக்கும் அதில் உன் பையைக் கட்டிக்கொள், அப்புறம் அது எனக்கு.

நீ சாய்கிற பக்கம் நானும் வருவேன், கற்றுக்கொண்டுவிட்டேன். நீ மெதுவாகவே வா. ஆனால் வந்துவிடு கண்ணு. அந்த ரோட்டில் எனக்கு வேறு பஸ் கிடையாது.

அம்மா